பழைய தேனீப் பெட்டி: ஈயோடு விற்பதா, காலியாக விற்பதா?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்குள் 14 பெட்டி வைத்திருந்தேன். வேலை மாற்றலாகி ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வந்ததால் எல்லாவற்றையும் விற்றேன். 9 பெட்டி ஈயோடு போனது, 5 பெட்டி காலியாகப் போனது. முடிந்தவரை ஈயோடு விற்றுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. நான் பேசுவது நியூட்டன் பெட்டியையும் (ஈ அடை கட்டுவதற்கான மரச்சட்டங்களைக் கழற்றி எடுக்கக்கூடிய சிறிய மரப்பெட்டி) இந்தியத் தேனீயையும் பற்றி மட்டும். இத்தாலியத் தேனீயை ஒரே ஒரு பருவம் வளர்த்ததோடு சரி, விற்றதில்லை.

காலிப் பெட்டியில் வசதி உண்டு. பட்டப்பகலில் ஏற்றலாம், கொட்டு வாங்க வேண்டாம், நாலு நாள் கழித்து ‘ஈ பறந்துபோச்சு’ என்று போனும் வராது. விலை முழுக்க மரத்தைப் பொறுத்தது. அயனி, பலா, தேக்கு என்றால் பழசானாலும் ஆள் கேட்பார்கள். மருந்தேற்றாத ரப்பர் மரம் என்றால் பூஞ்சணமும் துளையும் பார்த்ததுமே தெரியும், பேரம் அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, நியூட்டன் பெட்டி என்று பேர்தானே தவிர, ஆசாரிக்கு ஆசாரி அளவு மாறும். வாங்க வருபவரை அவர் பெட்டியிலிருந்து ஒரு சட்டம் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் அடை. பழைய பெட்டிக்குப் புதுப் பெட்டியை விட மதிப்பு இருக்கிறதென்றால் அது ஈ கட்டி வைத்த மெழுகு அடையால்தான். ஒரு கிலோ மெழுகு சுரக்க ஈக்கள் பல கிலோ தேனைத் தின்ன வேண்டும். கட்டிய அடை கைவசம் இருந்தால் அந்தத் தேன் மிச்சம், பருவம் தொடங்கியதும் நேராகத் தேனை நிரப்பும். ஆனால் ஈ இருக்கும் வரைதான் அந்த அடைக்கு உயிர். காவலுக்கு ஈ இல்லாத அடையை மெழுகுப் பூச்சி (இதன் புழு அடையைத் தின்னும்) விடாது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ஜூலை மழையில் 5 பெட்டியின் ஈக் குடும்பம் மெலிந்துபோக, அவற்றை மற்ற பெட்டிகளோடு சேர்த்துவிட்டு, அடை நிறைந்த பெட்டிகளை விறகுப்புரையில் அடுக்கினேன். செப்டம்பரில் அருமனையிலிருந்து ஒரு தம்பி வாங்க வந்தார். மேல்மூடியைத் திறந்தால் உள்ளே அடையே இல்லை. சட்டத்துக்குச் சட்டம் வெள்ளை நூலாம்படை, அதில் கடுகு போலக் கறுப்பு எச்சம். சட்டத்தின் மரத்தையும் புழு படகு வடிவத்தில் குடைந்து, அந்தக் குழிக்குள் கூடு கட்டியிருந்தது. தம்பி ஒரு குழியில் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, பலகைக்கு மட்டும் ரூபா தாறேன், சட்டத்துக்கு ஒண்ணும் கிடையாது” என்றார். பெட்டிக்கு 400 ரூபாய். அவர் சொன்னது நியாயம்தான்.

மீதி 9 பெட்டியை நவம்பர் கடைசி வரை வைத்திருந்து, தலா 2,100 ரூபாய்க்குக் கொடுத்தேன். அதே வயசுப் பெட்டி, அதே ஆசாரி செய்தது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வந்ததும் இலைக்காம்பில் தேன் சுரக்கும். பிப்ரவரி, மார்ச்சில் கிடைக்கும் தேனை நினைத்துத்தான் நவம்பர், டிசம்பரில் ஆள் தேடி வருவார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை பஞ்சகாலம். அப்போது விற்றால் சீனிப்பாகு கொடுத்துக் காப்பாற்றும் செலவையும் கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பார்கள். நான் பெட்டிக்கு விலை வைக்காமல் சட்டத்துக்கு வைத்தேன். ராணி முட்டையிடும் கீழ் அறையின் 6 சட்டத்தில் ஈ மூடியிருப்பது எத்தனை, ஈயின் முட்டையும் புழுவும் இருப்பது எத்தனை என்று வாங்குபவர் கண் முன்னால் எண்ணினேன். ராணி இந்த ஆண்டுப் பிறப்பு என்றால் கொஞ்சம் கூடுதல்.

ஈயோடு விற்பதில் உள்ள ஆபத்து, ஈ கூட்டை விட்டு ஓடிவிடுவது. நான் விற்ற முதல் பெட்டி அப்படித்தான் போனது, தப்பு என்னுடையது. இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ போல மரப்பிசின் சேர்த்துப் பூசாது. அதனால் சட்டங்கள் பெட்டியில் ஒட்டாமல் ஆடும். நான் சட்டங்களுக்கு நடுவே அடைப்பு வைக்காமல் வண்டியில் ஏற்றினேன். குலுங்கியதில் இரண்டு அடை அறுந்து விழுந்தது, மூன்றாம் நாள் கூட்டம் பறந்துவிட்டது. வேறு குடும்பம் கொடுத்தேன். அப்புறம் எல்லாவற்றிலும் சட்டங்களுக்கு நடுவே மரச்சக்கை செருகி, இருட்டிய பிறகு வாசலைக் கம்பிவலையால் மூடித்தான் அனுப்பினேன். மேலே இருக்கும் தேன் அறையைத் தனியாகக் கழற்றிக் கொடுப்பது நல்லது.

நோயில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் ‘தாய் சாக்புரூட்’ (Thai sacbrood) என்ற, ஈப்புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து இந்தப் பகுதியில் பெட்டி பெட்டியாகக் காலியானதை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். தலை மேலே தூக்கி, தண்ணீர்ப்பை போலச் செத்துக் கிடக்கும் ஈப்புழு ஒன்று தெரிந்தாலும் அந்தக் குடும்பத்தை விற்கக் கூடாது, எந்த விலைக்கும்.

மற்ற சாமான்களில் எவர்சில்வர் தேன் எடுக்கும் இயந்திரத்துக்கு மட்டும்தான் நல்ல விலை. தகரமென்றால் துரு பார்த்ததும் வேண்டாம் என்பார்கள். புகைமூட்டி, முகவலை, எறும்புக் கிண்ணம் எல்லாம் சேர்த்து இலவசமாகக் கொடுத்தேன், பேரம் சீக்கிரம் முடிந்தது.

காலியாகத்தான் விற்க வேண்டிய நிலை என்றால், ஈ போன அதே வாரத்தில் அடையை அறுத்து உருக்கி மெழுகாக்குங்கள். சட்டத்தைச் சோடா வெந்நீரில் கழுவி நல்ல வெயிலில் காய வையுங்கள். மெழுகுக்குத் தனியாக விலை உண்டு. சட்டமும் குழி விழாமல் தப்பும்.