மழை பெய்த மறுநாள் கிளம்பும் வண்டி எது? பழைய 1035, பழைய எச்.எம்.டி., புது மினி டிராக்டர்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனக் கழனி, மீதி மானாவாரிக் கொல்லை. இவ்வளவு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து உழுதுவிட்டுப் போவதுதான் கணக்குப்படி லாபம். நானும் 11 வருடம் அப்படித்தான் காலம் தள்ளினேன்.

ஆனால் கொல்லையில் போடுவது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. செம்மண்ணும் சரளையும் கலந்த தரை. மழை நின்ற மறுநாள் மண் பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். அதுதான் பதம். ஆனி, ஆடி வெயிலில் அந்தப் பதம் இரண்டு நாள் நின்றால் பெரிது, மூன்றாம் நாள் மேல்மண் புழுதி. அந்த இரண்டு நாளில்தான் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் டிராக்டர் வேண்டும். ஐம்பது ஏக்கர்க்காரர் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஏக்கருக்கு எந்த டிரைவரும் வரமாட்டார், வரவும் முடியாது. வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்கு டிராக்டர் தருகிறார்கள், உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம். கோடை உழவு மாதிரி முன்கூட்டியே தேதி குறிக்கிற வேலைக்கு அது நல்ல ஏற்பாடு. மழைக்குத் தேதி குறிக்க முடியாதே.

இரண்டு வருடத்துக்கு முன் வியாழன் ராத்திரி நல்ல மழை. வருகிறேன் என்ற வண்டி திங்கட்கிழமை வந்தது. விதைத்ததில் பாதிக்குமேல் முளைக்கவில்லை. அந்த வருடம் விதைக்காய்க்குக் கொடுத்த காசை எண்ணிப்பார்த்த அன்று, சொந்தமாக ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். புது 35 எச்.பி. வாங்கக் கையில் காசில்லை, இந்த நிலத்துக்கு அது தேவையும் இல்லை. கடைசியில் மூன்று வண்டி மிஞ்சியது: பழைய மாஸி பெர்குசன் 1035, பழைய எச்.எம்.டி. ஜீட்டர் 2511, புது மினி டிராக்டர். வாங்கியது 1035. அதனால் இதைப் படிக்கும்போது என் சாய்வைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

பவர் டில்லரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கழனிச் சேற்றைக் கலக்கிச் சேடை ஓட்ட அருமையான கருவி. ஆனால் காய்ந்த சரளையில் ஒரு மணி நேரம் அதன் பின்னால் நடந்தவன் ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது விரல் நடுங்கும். எனக்கு வயது 52.

முதலில் மினி டிராக்டர். 18 எச்.பி. ரகம் மச்சானிடம் ஒன்று இருக்கிறது, ஒடுகத்தூரில் வாழையும் தென்னையும் வைத்திருக்கிறார். அவர் நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. வாழை வரிசைக்கு நடுவில் நுழைந்து, மண்ணைச் சுழற்றிக் கிளறும் ரோட்டவேட்டரை ஓட்டிவிட்டு வெளியே வருகிறது. எடை குறைவு என்பதால் சேற்றிலும் அவ்வளவாக இறங்காது. அதே வண்டியை ஒருநாள் என் கொல்லையில் விட்டுப் பார்த்தோம். எடை இல்லாததுதான் இங்கே கேடு: கலப்பை தரையில் பிடித்ததும் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. சக்கரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, எடைக்கல் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தது ஒரே ஒரு நாள் ஓட்டம்தான், அதை வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை. வாரண்டி, காலையில் சாவி போட்டதும் கிளம்புவது, சிக்கலில்லாத ஆர்.சி. எல்லாம் அதன் பக்கம். நான் விசாரித்தபோது விலை நாலு லட்சத்துக்கு மேல், கருவிகள் தனி.

அடுத்தது எச்.எம்.டி. உண்மையைச் சொன்னால் என் மனசு விழுந்தது இதன் மேல்தான். செக் நாட்டு ஜீட்டர் வடிவமைப்பு. பிஞ்சோர் தொழிற்சாலையில் 1971 முதல் செய்தார்கள். 25 எச்.பி., இரண்டே சிலிண்டர். கே.வி.குப்பம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தது. பேட்டரி மாற்றிச் செல்ப் அடித்ததும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. டக்டக்கென்று ஆற அமர ஓடுகிற அந்தச் சத்தம் சின்ன வயதில் கரும்பு வண்டிகளில் கேட்டது. டீசலும் குறைவாகத்தான் குடிக்கும் என்று ஓட்டியவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எஞ்சின் வேலையும் ஒரு விதத்தில் சுலபம். பிஸ்டன் ஓடுகிற சிலிண்டர் உறையைத்தான் லைனர் என்பார்கள். அதில் வெட் லைனர், தண்ணீரிலேயே நிற்பது. தேய்ந்தால் இழுத்துவிட்டுப் புதியதை இறக்கலாம். 1035-இன் சிம்ப்சன் எஞ்சினில் டிரை லைனர். பிரஸ்ஸில் ஏற்றி, லேத்தில் போர் செய்து அளவு கொண்டுவர வேண்டும், கை சுத்தமான லேத்காரர் வேண்டும். விலையும் எச்.எம்.டி.க்கு 90,000தான் கேட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் விட்டேன்? எனக்கு வேலை செய்கிற மெக்கானிக் பாயிடம் போய் நின்றேன். மனிதர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "இன்னா தம்பி, பார்வைக்கு வெக்கப் போறியா, ஏர் ஓட்டப் போறியா?" ஏர் ஓட்டத்தான் என்றேன். "அப்ப வண்டியப் பாக்காத. அதோட சாமான் எங்க கெடைக்குதுன்னு பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தேன். ஒரு கிளட்ச் பிளேட், ஒரு வாட்டர் பம்ப் கிட், ஹைட்ராலிக் பம்பின் ரிப்பேர் செட், ஸ்டியரிங் பாக்ஸ் பேரிங் என்று நாலு சாமானைத் தாளில் எழுதிக்கொண்டு காட்பாடி, வேலூர், ஆற்காடு கடைகளில் ஒருநாள் முழுக்க அலைந்தேன். 1035-க்கு நாலும் மதியத்துக்குள் மேசைமேல் வந்துவிட்டன. அதிலும் இரண்டு விலை: கம்பெனி சாமான், வெளிச் சாமான். எச்.எம்.டி.க்குக் கிளட்ச் பிளேட் மட்டும் ஒரு கடையில் தூசியோடு இருந்தது. மற்றதெல்லாம் "வடக்கே சொல்லி வரவழைக்கணும், பார்சல் ஆபீசில் வந்து விழ ஆறேழு நாள்" என்றார்கள். எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது 2016-இல். பஞ்சாப், அரியானா பக்கம் அந்த வண்டிகள் நிறைய ஓடியதால் அங்கே சாமான் புழங்குகிறது. நம் ஊருக்கு அது தூரம்.

ஆறேழு நாள் என்றால் பெரிய விஷயமா? கோடையில் இல்லை. ஆனி மாதம் மழை பெய்த மறுநாள் காலையில் வாட்டர் பம்ப் ஒழுகினால், அந்த ஆறேழு நாளுக்கு விலை ஒரு பட்டம். சாமான் 800 ரூபாயா 1,800 ரூபாயா என்பது ஒரு பொருட்டே இல்லை. எத்தனை மணி நேரத்தில் கைக்கு வருகிறது என்பதுதான் கணக்கு. வாடகை வண்டிக்காகக் காத்திருந்தது போதும் என்றுதான் சொந்த வண்டிக்கு வந்தேன். பார்சலுக்காகக் காத்திருக்க நேர்ந்தால் சொந்த வண்டியும் வாடகை வண்டியும் ஒன்றுதான்.

1035-இன் பலம் இதில்தான். இந்த வண்டியைச் செய்யும் டாபே கம்பெனி சென்னையில் இருக்கிறது, எஞ்சின் செய்யும் சிம்ப்சனும் சென்னைதான். 1035 டி.ஐ. என்ற பெயரில் அந்த வரிசை இன்னும் விற்பனையில் இருக்கிறது, அதனால் சாமான் செய்வதை யாரும் நிறுத்தவில்லை. அதைவிட முக்கியம், பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். பாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்தவரைக் கூப்பிடலாம்.

வண்டியைத் தயார் செய்த வேலைக்கு வருவோம். வண்டி எண்பதுகளில் வந்தது, விலை 1,35,000. எஞ்சினுக்கு லைனர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், நாசில், பம்ப் காலிபரேஷன் எல்லாம் சேர்த்து 58,000. ஹைட்ராலிக் 14,000. கிளட்ச், பிரேக் 11,500. பின் டயர் ஜோடி 44,000. முன் டயரும் வீல் பேரிங்கும் 12,000. பேட்டரி, வயரிங், செல்ப் மோட்டார் 13,500. பெயிண்டும் சீட்டும் 6,000. ஆக 2,94,000. நான் போட்ட கணக்கு இரண்டு லட்சம். பழைய வண்டியைத் தயார் செய்கிறவர்கள் பாதிப் பேர் டயரை மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன்.

எஞ்சினில் ஒரு அடியும் பட்டேன். முதலில் கொடுத்த லேத்தில் ஒரு சிலிண்டரை இறுக்கமாக விட்டுவிட்டார்கள். ஓட ஆரம்பித்து மூன்றாவது நாள், ஒன்பது கொத்துக் கலப்பையோடு இழுக்கும்போது சூடாகி நின்றது. திரும்பப் பிரித்து வேறு இடத்தில் சிலிண்டரை உள்ளே தேய்த்து அளவு கொண்டுவரும் ஹோனிங் செய்தோம். சொன்னேனே, டிரை லைனருக்குக் கை சுத்தமான ஆள் வேண்டும். எச்.எம்.டி. வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது.

ஹைட்ராலிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹாரி பெர்குசன் கொண்டுவந்த, கலப்பையை வண்டியின் பின்னால் கீழே இரண்டு, மேலே ஒன்று என மாட்டும் மூன்று புள்ளி இணைப்பும், இழுவையைப் பார்த்துக் கலப்பையை ஏற்றி இறக்கும் ஏற்பாடும்தான் இந்த வண்டியின் உயிர். தரை கெட்டியானால் கலப்பை பின்னால் இழுக்கிற பாரம் மேல் இணைப்பான டாப் லிங்க் வழியாக ஸ்பிரிங்கை அழுத்துகிறது, அது வால்வைத் தள்ளி லிப்டைக் கொஞ்சம் உயர்த்துகிறது. பாரம் குறைந்ததும் பழைய ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கஜம் மண், ஒரு கஜம் சரளை என்று மாறி மாறி வரும் என் கொல்லையில் இது செய்கிற உதவி கொஞ்சமல்ல. ஆனால் ஸ்பிரிங்கும், லிப்டைத் தூக்கும் ராம் பிஸ்டனின் ரிங்கும் தேய்ந்திருந்தால் லிவர் சும்மா அழகுக்குத்தான். வாங்கின புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. 14,000 செலவானது அங்கேதான், கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்ததும் அதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. என்னுடையது ஒற்றைக் கிளட்ச். மிதித்தால் வண்டியோடு ரோட்டவேட்டரும் நின்றுவிடும், திரும்பும்போதெல்லாம் எரிச்சல். ரோட்டவேட்டர் வேலை அதிகம் உள்ளவர்கள் இரட்டைக் கிளட்ச் வண்டியாகத் தேடுங்கள். உருளாமல் காப்பாற்றும் கூண்டும் கிடையாது, வரப்பு ஏற்றும்போது நிதானம் வேண்டும். பிரேக் புது வண்டி மாதிரி பிடிக்காது. திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், போட்டதில் பாதியைத் தாண்டினால் அதிர்ஷ்டம். மினி டிராக்டருக்கு இதைவிட நல்ல விலை வரும்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாடியே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கலப்பையைத் தூக்கி வைத்துவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதில் ஹைட்ராலிக்கின் ஜாதகம் தெரியும். கியர் பாக்ஸ் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புத்தம் புதுச் சிவப்புப் பெயிண்ட் பளபளத்தால் இன்னும் இரண்டு மடங்கு கவனம்.

அப்புறம் ஆர்.சி. எனக்கு விற்றவரின் அப்பா பேரில் இருந்தது, அவர் காலமாகி ஒன்பது வருடம். வாரிசுச் சான்று, சம்மதக் கையெழுத்து, காலாவதியான பதிவைப் புதுப்பித்தது என்று நாலு மாதம் ஓடியது. பதிவு 15 வருடத்துக்கு, அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்ட பிறகுதான் முன்பணம்.

போன ஆனியில் மழை பெய்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பினேன். பத்தரைக்கு பேன் பெல்ட் அறுந்தது. பெரியவன் பைக்கில் போய் வாங்கி வந்து, ஒரு மணிக்குத் திரும்ப ஓட ஆரம்பித்தோம். சாயங்காலத்துக்குள் விதைப்பு முடிந்தது. கே.வி.குப்பத்து எச்.எம்.டி. இன்னும் அந்தப் புளியமரத்தடியிலேயே நிற்கிறதாம், 70,000-க்கு இறங்கிவிட்டார்கள் என்று போன வாரம் போன் வந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.