விசைப்படகை விற்றுத் தரும் தரகர்: மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த சேவை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆகிய ஊர்களில் விசைப்படகு கைமாறுவது பெரும்பாலும் உறவுக்குள்ளேயோ சங்கத்துக்குள்ளேயோ வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். அப்படி முடியாதபோதும், முடிந்தாலும் நாளைக்கு முகம் பார்த்துப் பேச முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும்போதும்தான் தரகரைத் தேடுகிறார்கள். என் தந்தை கடல் தொழிலிலிருந்து ஒதுங்க முடிவு செய்தபோது, அவரும் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து வைத்திருந்த மரப்படகை விற்பதற்கு, இதையே முழுநேரத் தொழிலாகச் செய்துவரும் மண்டபத்துத் தரகர் ஒருவரை அமர்த்தினோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அவருடைய பெயரைத் தவிர்க்கிறேன். பாக் விரிகுடாப் பக்கமான வடக்குக் கரையில் படகு வைத்திருப்பவர்கள் இரண்டு பத்தி படித்தாலே ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

தரகுத் தொகையைப் பற்றி முதல் சந்திப்பிலேயே அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: விற்பவரிடம் இரண்டு சதவீதம், வாங்குபவரிடமும் அதே அளவு. வெளிநாடுகளில் உல்லாசப் படகான யாட் ஒன்றை விற்றுத் தரும் தரகர்கள் பொதுவாகப் பத்து சதவீதம் வரை வாங்குகிறார்கள் என்பதை நினைத்தால் இது சிறிய தொகைதான். ஆனால் அந்தப் பத்து சதவீதத்துக்கு அங்கே கிடைப்பது வேறு: விளம்பரச் செலவு தரகருடையது, வாங்குபவர் கட்டும் முன்பணம் தனிக் கணக்கில் இருக்கும், படகைத் தேர்ந்த ஆய்வாளர் சோதித்து, கடலில் ஓட்டியும் பார்த்த பிறகே பேரம் உறுதியாகும். நம் கரையில் முன்பணம் தரகரின் கையிலேயே இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அதனால் தீங்கு ஏதும் நேரவில்லை என்றாலும், லட்சக்கணக்கான ரூபாய் ஒரு தனிமனிதரின் நாணயத்தை மட்டும் நம்பி நிற்பது எனக்கு ஒப்புதலான ஏற்பாடு அல்ல.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றியிருக்கும் அந்தக் காலத்தில்தான் விற்க வேண்டும் என்பதில் தரகர் பிடிவாதமாக இருந்தார். தடை நீங்கியதும் இறால் பாடு நன்றாக இருந்தால் விலை ஏறும் என்று கூட்டாளி வாதாடினார். அடிப்பலகையைக் கண்ணால் பார்க்காமல் வாங்குபவன் விலையைக் குறைத்துத்தான் கேட்பான், பார்த்தவன் கேட்ட விலைக்குப் பக்கத்தில் வருவான் என்பது தரகரின் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. படகை விற்பனைக்குக் காட்டுவதற்கு முன் சாயம் பூசிவிடலாம் என்று தந்தை சொன்னபோது அவர் பதறிப்போனார். "பெயிண்ட் மட்டும் அடிச்சிராதீக சம்மாட்டி, பாக்க வர்றவன் மரத்தைப் பாக்கணும்" என்றார். சம்மாட்டி என்றால் இங்கே படகு உரிமையாளர்.

இவருடைய சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்க வருபவர்களை அழைத்து வருவதற்கு முன் அவரே படகைச் சோதித்த விதம். கையில் ஒரு சிறு சுத்தியலோடு அணியத்திலிருந்து தொடங்கி, கடலில் ஓடும்போது நீரில் அமிழ்ந்திருக்கும் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே பின்பக்கம் வரை போனார். நல்ல மரத்தில் ஓசை கணீரென்று வந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்துக்குச் சற்று மேலே அது மந்தமாகிவிட, அங்கே ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து அழுத்தினார், அது விரற்கடை ஆழத்துக்கு உள்ளே இறங்கியது. அந்தப் பலகையை மாற்றச் சொன்னாரே தவிர, மறைக்கச் சொல்லவில்லை. மாற்றிய பலகையையும் புதிதாகக் கலப்பத்து அடித்த (பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைத்த) இடத்தையும் வந்தவர்களுக்கெல்லாம் அவரே விரல் நீட்டிக் காட்டினார். எஞ்சினின் எண் தகட்டில் படிந்திருந்த பழைய சாயத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணைத் தெளிவாக்கிய பின்னரே புகைப்படம் எடுத்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் போன்ற வேலை இவரிடம் இல்லை. விலை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுப் பேசப்பட்டது.

படகைப் பார்த்ததற்கு அடுத்தபடியாக அவர் கேட்டது டீசல் பாஸ்புக்கை. தமிழக அரசு விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் வழங்கும் வரி விலக்கு டீசலின் அளவு 18,000 லிட்டரிலிருந்து 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என 2023-ஆம் ஆண்டு மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. வாங்குபவருக்கு அந்தச் சலுகை முக்கியம் என்பதற்காக மட்டும் அவர் புத்தகத்தைக் கேட்கவில்லை. எந்த மாதம் எவ்வளவு டீசல் எடுக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் படகு ஒழுங்காகக் கடலுக்குப் போனதா, எஞ்சின் அளவுக்கு மீறி டீசல் குடிக்கிறதா என்பதை உரிமையாளரின் வாய்மொழி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம் என்றார். பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம், காப்பீடு, வங்கியின் கடன் தீர்ந்த கடிதம், கூட்டாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, பதிவுச் சான்றிதழில் இருந்த எஞ்சின் எண்ணும் தகட்டில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார். எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவில் திருத்தாமல் ஓட்டப்படும் படகுகளால்தான் பாதிப் பேரங்கள் கடைசி நாளில் முறிகின்றன என்பது அவர் அனுபவம்.

பெயர் மாற்றத்தில்தான் இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தர முடியவில்லை. வேறு கடற்கரைகளில் இது சற்றுத் தாமதமானால் பெரிய கேடில்லை. இங்கே நிலைமை வேறு. ராமநாதபுரம் மாவட்டத்துப் படகுகளின் பதிவு எண் ஐஎன்டி-டிஎன்-10 என்று தொடங்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்தால், அந்த எண்ணுக்கு உரியவர்தான் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் படகு அரசுடைமையாகிவிடும். 2018-இல் இலங்கை தன்னுடைய வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திய பிறகு, விற்றுவிட்ட படகு பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருப்பது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும் வரை தரகர் சுறுசுறுப்பாக இருந்தார்; முழுப் பணமும் கைமாறி, தரகும் அவர் கைக்குப் போன பிறகு அவருடைய தொலைபேசி அடிக்கடி மணியடித்து ஓய்ந்தது. தடை நீங்கிப் படகு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டது, பெயரோ தந்தையின் பெயராகவே இருந்தது. அந்த வாரங்களில் காலைச் செய்தியில் படகு பிடிபட்டது என்று வந்தாலே வீட்டில் முதலில் பதிவு எண்ணைத்தான் பார்த்தோம். முடிவில் அலுவலகத்துக்கு நானே நேரில் சென்று முடித்துக்கொண்டேன்.

இன்னொரு மனக்கசப்பு, படகோடு எவையெவை போகும் என்பதில் வந்தது. முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தில் "படகும் அதன் தளவாடங்களும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். ஒப்படைக்கும் நாளன்று உபரி மடி (இழுவலை) ஒன்றும், தந்தை தனியாக வாங்கி வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியும் தளவாடத்தில் சேருமா என்று வாக்குவாதம் எழுந்தது. தரகர் வாங்குபவர் பக்கம் சாய்ந்து, "இதுக்காகப் பேரத்தைக் கெடுத்துக்கணுமா" என்று எங்களையே சமாதானப்படுத்தினார். மடி எங்களிடம் தங்கியது, ஜிபிஎஸ் போய்விட்டது. கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியே கரையோடு தொடர்புகொள்ள இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பற்றி மட்டும் சச்சரவு இல்லை. அரசு கொடுத்தது படகோடுதான் இருக்கும் என்று முதலிலேயே அவர் தெளிவாக்கியிருந்தார். அதே தெளிவு மற்ற பொருட்களுக்கும் இருந்திருந்தால், ஐஸ் பெட்டியிலிருந்து நங்கூரக் கயிறு வரை ஒரு பக்கப் பட்டியலாக எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க முடியும். இரு தரப்பிலும் தரகு வாங்கும் ஒருவர் கடைசி நேரத்தில் யாருக்காகப் பேசுவார் என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு எழுந்தது.

வாங்கியவர் மூக்கையூர்க்காரர் என்பதால் படகு பாம்பன் கால்வாய் வழியாகத் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டியிருந்தது. ரயில் பாலம் எப்போது திறக்கப்படும் என்று விசாரித்து, மற்ற படகுகளோடு வரிசையில் நிறுத்தி, அப்பால் கடத்திவிடும் வரை தரகரின் ஆள் ஒருவர் படகிலேயே இருந்தார். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே எழுவதைப் படகிலிருந்து பார்க்க என் தம்பியும் கூடப் போனான். இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.

விலையைப் பொறுத்தவரை, சங்கத்தில் வாய்வழியாக எங்களிடம் முன்பு கேட்கப்பட்டதைவிடத் தரகை கழித்த பிறகும் நல்ல தொகையே கிடைத்தது. படகைச் சோதிப்பதிலும் ஆவணங்களைத் தயார் செய்வதிலும் பொய் சொல்லாமல் விலை பேசுவதிலும் இவரைப் போல ஒருவரை நான் இந்தக் கரையில் பார்த்ததில்லை. பணம் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய வேலையில் அவருக்கு அக்கறை போதாது. உச்சிப்புளியில் இருக்கும் எங்கள் மாமா அடுத்த தடைக்காலத்தில் தம்முடைய படகை விற்க இருக்கிறார். அவருக்கும் இதே தரகரைத்தான் சொல்லியிருக்கிறேன்; தளவாடப் பட்டியலை முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுதி வாங்கவும், தரகில் பாதியைப் புதிய பெயரில் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே கொடுக்கவும் சொன்னேன். தரகரிடமும் இதைத் தொலைபேசியில் தெரிவித்தேன். சற்று யோசித்துவிட்டு, பாதி வேண்டாம், கால் பங்கை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒப்புக்கொண்டார்.