தீபாவளி வியாபாரத்துக்கு எந்த டிரெண்ட்: கூகுள் தேடலா, டிக் டோக்கா?

சேலை, குர்தா, பலகாரம் விற்கும் கோலாலம்பூர் கடைக்கு மக்கள் நாட்டத்தை அறியக் காசில்லாமல் மூன்று வழிகள் உண்டு: ஒரு சொல்லின் தேடல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ், அது மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று மதிப்பிடும், கூகுள் விளம்பரக் கணக்குக்குள் இருக்கும் கீவேர்ட் பிளானர், பரவும் ஹேஷ்டேகுகளைப் பட்டியலிடும் டிக் டோக்கின் கிரியேட்டிவ் சென்டர். மூன்றையும் ஒரே கேள்வியோடு திறப்பதால்தான் குழப்பம் வருகிறது. எதை நம்பலாம் என்பது, சரக்கு கைக்கு வந்து சேர எத்தனை நாள் பிடிக்கும் என்பதைப் பொறுத்தது.

சூரத்தில் ஆர்டர் கொடுத்து, போர்ட் கிள்ளானில் இறங்கி, சுங்கம் தாண்டிக் கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவுக்கு வரவேண்டிய சேலையை டிக் டோக் பட்டியலைப் பார்த்துத் தீர்மானித்தால், பெட்டியைப் பிரிக்கும்போது அந்த மோகம் ஓய்ந்திருக்கும். அதற்குத் தேடல் வரலாறுதான் துணை. ரவிக்கை வேலைப்பாடு, மருதாணி வடிவம், முறுக்கு டப்பாவின் உறை போன்றவற்றைப் பத்து நாளில் மாற்றிவிடலாம். அங்கே டிக் டோக்குக்கு இடம் கொடுக்கலாம்.

கூகுள் டிரெண்ட்ஸ்

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். 0 முதல் 100 வரை காட்டும் கோடு, எத்தனை பேர் தேடினார்கள் என்பதைச் சொல்வதில்லை. தேர்ந்தெடுத்த காலத்தில், மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு மிக உயர்ந்திருந்த வாரத்துக்கு 100 கொடுத்து, மற்ற வாரங்களை அதற்கேற்பக் குறைத்துக் காட்டுகிறது. முறுக்குக்கு ஒரு வரைபடம், சேலைக்கு ஒரு வரைபடம் என்று தனித்தனியாகத் திறந்தால் இரண்டுமே 100 தொடும். இரண்டுக்கும் சமமான கிராக்கி என்று ஏமாறுவோம். ஒப்பிட வேண்டியவற்றை ஒரே வரைபடத்தில் போடுங்கள். குறைந்தது ஐந்து சொற்களுக்கு இடம் உண்டு.

இடம் மலேசியா, காலம் கடந்த 5 ஆண்டுகள். இப்படி வைத்தால் வாரத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும். 90 நாள் என்றால் தினமும் ஒன்று, 7 நாள் என்றால் மணிக்கு ஒன்று. 2004இலிருந்து மொத்தமாகக் கேட்டால் மாதத்துக்கு ஒன்றுதான் வரும். கொள்முதலுக்கு அது உதவாது.

அடுத்ததில்தான் பலர் சறுக்குகிறார்கள். தீபாவளி ஒரே தேதியில் நிற்பதில்லை. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. 2025இல் எந்தத் தேதியில் தேடல் ஏறியதோ அதே தேதிக்கு 2026இலும் தயாரானால், 19 நாள் முன்னதாகவே பணத்தை முடக்கிவிடுவீர்கள். சேலை கெடாது, வட்டி மட்டும் ஏறும். பலகாரமோ எண்ணெய் வாடை அடித்துவிடும். அதனால் தரவைக் கோப்பாக இறக்கி, எக்செல்லில் ஒவ்வோர் ஆண்டுக்கும் பண்டிகை வாரத்தை 0 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்: 1, 2, 3 என்று 12 வாரம் வரை. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், கோடு எந்த வாரத்தில் தரையை விட்டு எழும்புகிறது, எந்த வாரத்தில் உச்சம் தொடுகிறது என்பது தெளிவாகும். சரக்கு கடைக்குள் இருக்க வேண்டியது எழும்பும் வாரத்துக்கு முன்பு. உச்ச வாரத்தைக் குறிவைப்பவர் கழிவு விலையில் விற்பதற்கே தயாராகிறார்.

சொல் தேர்வில் மலேசியாவுக்கே உரிய பொறிகள் சில உண்டு. சேலையைத் தேட ரோமன் எழுத்தில் 'சாரி' என்று போட்டால், மலாயில் வசனவரிகளைக் குறிக்கும் 'சாரி காத்தா' தேடல்களும் அதில் வந்து விழும். படம் பார்ப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சேலை வாங்கிய கதையாகிவிடும். 'saree' என்று இரண்டு 'e' வரும் எழுத்துமுறையைப் பயன்படுத்துங்கள், அல்லது கழித்தல் குறி போட்டுக் 'காத்தா'வை நீக்குங்கள். குர்தாவில் சிக்கல் வேறு மாதிரி: நோன்புப் பெருநாளுக்கு மலாய் ஆண்களும் குர்தா அணிகிறார்கள். வரைபடத்தில் பெருநாளை ஒட்டி எழும் மேட்டைத் தீபாவளிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. (அந்த வாடிக்கையாளருக்கும் விற்பதென்றால் அது தனிக் கணக்கு, பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகரும்.) முறுக்கை ரோமன் எழுத்தில் ஒரு 'கே' போட்டும் எழுதுவார்கள், இரண்டு போட்டும் எழுதுவார்கள், இரண்டையும் கூட்டல் குறியால் இணைத்து ஒரே சொல்லாகப் பாருங்கள். 'தீபாவளி' என்ற சொல்லை மட்டும் அளக்கவே வேண்டாம். விடுமுறை எந்த நாள், வாழ்த்துப் படம் எங்கே கிடைக்கும் என்று தேடுபவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வருவதில்லை.

கோலாலம்பூரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். சிறிய இடம், சிறப்புச் சொல் என்று இரண்டும் சேர்ந்தால் தரவு போதாமல் கோடு 0க்கும் 100க்கும் இடையே துள்ளும். எல்லாத் தேடல்களையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்தே டிரெண்ட்ஸ் கணக்கிடுவதால், தேடல் குறைந்த சொல்லுக்கு இன்று ஒரு வடிவமும் நாளை ஒரு வடிவமும் வரலாம். போதாக்குறைக்கு, சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வருபவரின் தேடல் சிலாங்கூர் கணக்கில் விழுகிறது. காலத்தை அறிய மலேசியா முழுவதையும் பாருங்கள்.

தொடர்புடைய தேடல்களில் 'பிரேக்அவுட்' என்று காட்டினால் துள்ளிக் குதிக்க வேண்டாம். 5000 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது என்பதே அதன் பொருள். இரண்டு மூன்று பேர் தேடிய சொல்லை இருநூறு பேர் தேடினாலும் அப்படித்தான் வரும்.

கீவேர்ட் பிளானர்

டிரெண்ட்ஸ் மறைக்கும் அளவை இது ஓரளவு சொல்லும். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்கில் மாதம் 10 முதல் 100, 100 முதல் ஆயிரம், ஆயிரம் முதல் பத்தாயிரம் என்று அகலமான வரம்புகளே தெரியும். 'இந்தச் சொல்லுக்குத் தனிப் பக்கம் எழுதலாமா' என்ற கேள்விக்கு அது போதும்; 'எத்தனை டஜன் வாங்கலாம்' என்பதற்குப் போதாது. ஒத்த எழுத்துமுறைகளை ஒரே வரியில் இணைத்துவிடுவதால் ஒரு 'கே', இரண்டு 'கே' வேறுபாட்டை இதில் தேடிப் பயனில்லை. தமிழ் எழுத்தில் உள்ள சொற்களுக்குப் பெரும்பாலும் கீழ்வரம்புதான் வரும். நம்மவர் பலர் பொருள் தேடும்போது ரோமன் எழுத்தில் தட்டுவதுதான் காரணம். அதைக் கண்டு தமிழ் வாடிக்கையாளரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டிக் டோக்கும் மற்றவையும்

கிரியேட்டிவ் சென்டரில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து 7, 30, 120 நாள் என மாற்றிப் பார்க்கலாம். நாட்டின் முதல் பட்டியலில் மலாய் ஹேஷ்டேகுகளே நிறைந்திருக்கும். தமிழ்ச் சேலைக்கான ஹேஷ்டேகைத் தேடி எடுத்தால், பார்வைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். எந்தெந்த நாட்டில் அது பரவியிருக்கிறது என்ற பகுதியைப் பார்க்காமல் மொத்தப் பார்வை எண்ணிக்கையை எடுத்துக்கொள்வது வீண்.

பார்வையைவிடப் பின்னூட்டம் உண்மை பேசும். உள்ளூர்க் காணொளி இருபதைத் திறந்து, 'விலை எவ்வளவு', 'எங்கே கிடைக்கும்', 'பிளஸ் சைஸ் இருக்கா' என்று கேட்பவர்களை எண்ணுங்கள். இதய எமோஜி மட்டும் குவிந்திருந்தால் அது வேடிக்கை பார்த்த கூட்டம். 30 நாள் கோட்டில் உச்சம் ஏற்கெனவே கடந்து சரிவு தொடங்கியிருந்தால், அந்தப் போக்கில் புதிதாகக் காணொளி எடுப்பதில் அர்த்தமில்லை.

இசையில் ஒரு தடை உண்டு. வணிகக் கணக்கு வைத்திருப்பவர் டிக் டோக்கின் வணிக இசைத் தொகுப்பிலிருந்துதான் பாட்டு எடுக்க முடியும். டிரெண்டாகும் சினிமாப் பாடல் அதில் இருக்காது. பாடலோடுதான் அந்தப் போக்கே ஓடுகிறது என்றால் கடைக்கு அது எட்டாக் கனி. தனிநபர் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு விளம்பரமாக்கலாம் என்ற குறுக்குவழியும் உரிமைச் சிக்கலில் போய் முட்டும்.

இன்ஸ்டகிராமில் நாடு வாரியாகப் போக்கு அறிய வசதி குறைவு. அதன் உரிமையாளரான மெட்டாவின் விளம்பர நூலகம் பயன்படும்: போட்டிக் கடையின் பெயரைப் போட்டால் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடும் விளம்பரத்துக்குப் பின்னால் விற்பனை இருக்க வாய்ப்பு அதிகம். டிக் டோக் எண்களைவிட இதற்கு மதிப்புக் கொடுக்கலாம்.

300 ரிங்கிட்டில் சோதனை

150 தேடல் விளம்பரத்துக்கு, 150 டிக் டோக்குக்கு, ஒரு வாரம். கூகுளில் இட அமைப்பைத் திறந்து, அந்த இடத்தில் 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் தேர்வு செய்யுங்கள். இயல்பாக இருக்கும் அமைப்பு அந்த இடத்தில் 'ஆர்வம் காட்டுபவர்களையும்' சேர்க்கும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் பயணத்தைத் தேடுபவருக்கும் உங்கள் காசு போகும். கடையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போதும். தவிர்க்க வேண்டிய சொற்களில் 'காத்தா', 'இலவசம்', வாடகைக்குக் கொடுப்பதில்லை என்றால் 'செவா' ஆகியவற்றைச் சேருங்கள்.

இரண்டு விளம்பரங்களும் புலனத்துக்கே (வாட்ஸ்அப்) கொண்டுவரட்டும், ஆனால் வேறு வேறு இணைப்பில். புலன இணைப்பில் எண்ணுக்குப் பின் வாசகத்தைச் சேர்த்தால், வாடிக்கையாளர் திறக்கும்போதே அது எழுதப்பட்டு நிற்கும். ஒன்றில் 'சேலை விலை வேண்டும்', மற்றதில் 'வீடியோவில் பார்த்த சேலை' என்று வைத்தால் யார் எங்கிருந்து வந்தார் என்று கேட்காமலே தெரியும். எண்ணை 60இல் தொடங்கி எழுதும்போது முன்னால் இருக்கும் 0ஐ இரண்டு முறை போட்டுவிடாதீர்கள். 012 என்பது 6012 ஆகும், 60012 ஆனால் இணைப்பு வேலை செய்யாது. வார முடிவில் கிளிக்கை விட்டுவிட்டு, விலை கேட்டவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று மட்டும் எழுதுங்கள்.

குடும்பக் குழுக்களில் ஒருவர் அனுப்பி இன்னொருவர் பார்க்கும் படத்தை எந்தக் கருவியும் காட்டாது. கல்லாவில் நிற்பவர் 'எங்கம்மா பார்த்தீங்க?' என்று கேட்டு நோட்டில் ஒரு கோடு போடுவதுதான் அதற்கு வழி.

பினாங்கு லிட்டில் இந்தியாக் கடைகளுக்கு ஒரு திருத்தம். லெபோ பசார் பக்கம் விடுமுறையில் வரும் கூட்டம் பேராக்கிலும் கெடாவிலும் வீட்டில் இருந்தபடியே தேடிவிட்டு வருகிறது. அந்தத் தேடல் பினாங்குக் கணக்கில் வராது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருபவர்களுக்கும் இதே கதைதான். 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று அதுவும் நகர்வதால், பால்குடமும் மஞ்சள் வேட்டியும் விற்பவர் வாரத்தைப் பின்னோக்கி எண்ணும் அதே எக்செல் முறையை வைத்துக்கொண்டு, விளம்பர வட்டத்தை மட்டும் பட்டர்வொர்த்தையும் தாண்டி சுங்கை பட்டாணி வரை விரிக்க வேண்டும்.