கோட்டாறு முதல் கஸ்பா சபை வரை: நாகர்கோவிலின் கிறிஸ்துமஸ் வரலாற்று நடை

டிசம்பர் மாதத்தில் நாகர்கோவிலில் ஒரு சிறு குழுவினர் நடத்திவரும் வழிகாட்டி நடையில் கலந்துகொண்டேன். நகரின் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் வளர்ந்த கதையைச் சொல்லும் இந்த நடையை நம்பிப் போகலாம்.

கோட்டாறு சவேரியார் கோவிலில் தொடங்குவதே இதன் பெரிய பலம். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய தீவொன்றில் இறந்த சவேரியாரின் திருநாளை ஒட்டி, நவம்பர் இறுதியில் கொடியேறி, தேர்ப்பவனிகளோடு நிறைவுறும் பத்து நாள் திருவிழாவுக்கு மாவட்டமே விடுமுறை விடுகிறது. எங்கள் ஊர்களில் கிறிஸ்துமஸ் காலம் அந்தத் திருவிழாவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை வழிகாட்டி அழகாக விளக்கினார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை முன் அவர் அவசரமே காட்டவில்லை.

அடுத்து வரும் புராட்டஸ்டன்ட் ஆலயமான கஸ்பா சபையில் அந்த நிதானம் இல்லை. 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணியாற்றிய மிஷனரி ரிங்கல்தௌபேயையும், அவருக்குப் பின் நாகர்கோவிலை மையமாக்கிய மிஷனரி மீடையும் வழிகாட்டி இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். இந்த ஆலயத்துக்கு 1819 சனவரி 1 அன்று, அதாவது புத்தாண்டு நாளில், அடிக்கல் நாட்டப்பட்டதை மட்டும் நின்று சொன்னார். மிஷனரியின் மனைவியான மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் பற்றிப் பேச்சே எழவில்லை. எத்தனையோ பெண்களுக்குச் சொந்தக் கூலியைத் தேடித்தந்த தொழிலை விட்டுவிடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. இதே பருவத்தில்தான் சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலில் மார்கழித் திருவிழா நடைபெற்று, தேரோட்டத்தையும் ஆருத்ரா தரிசனத்தையும் காணச் சுற்றுவட்டாரமே திரள்கிறது. கிறிஸ்துமஸ் நடைதான் என்றாலும், ஒரே குளிர்காலத்தில் இரு தேர்த் திருவிழாக்களைக் காணும் ஊரின் கதையில் சுசீந்திரத்துக்கு ஒரு சொல்லாவது இடம் வேண்டாமா?

முடிவில் தந்த முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கருப்பட்டிக் காப்பியும் வீட்டுப் பக்குவத்தில் இருந்தன. முதியவர்களை அழைத்துச் செல்வோர் காலை நடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குடில்களையும் பார்க்க விரும்புவோர் டிசம்பர் 24-ஐ ஒட்டிய மாலை நடைக்கு முன்பதிவு செய்துகொள்ளலாம்.