1,850 யூரோ போய்விட்டது: ‘தர்குவீனியா 1940’ பரசூட் வாங்க இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்

போன வியாழக்கிழமை பார்சல் வந்தது. இன்று புதன். இந்த ஆறு நாளும் சரியாக நித்திரை இல்லை. பலெர்மோவில் இருந்து எழுதுகிறேன். இத்தாலியப் போர்க்காலப் பொருட்கள் சேர்க்கிற தமிழர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியாது. ஒருவராவது இதைப் படித்துத் தப்பினால் போதும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லாமல் நான் ஏமாந்த விதம் விளங்காது. ஐந்து வருடம் ஒரு முதியவரைப் பராமரிக்கிற வேலையில் இருந்தேன். நோன்னோ (தாத்தா) என்றுதான் கூப்பிடுவேன். 1939இல் தர்குவீனியா என்ற இத்தாலிய ஊரில் தொடங்கிய இராணுவப் பரசூட் பள்ளியில் அவர் அடுத்த வருடம் பயிற்சி எடுத்தவர். அப்போது அவர்கள் குதித்தது ‘சல்வாத்தோர்’ பரசூட்டில். புரோஸ்பெரோ ஃப்ரேரி என்பவர் வடிவமைத்த பட்டுப் பரசூட் அது. ஒருநாள் நோன்னோ தன் பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் கட்டி, பின்னால் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “இப்படித்தான் தொங்குவோம், பூனைக்குட்டியைப் பிடரியில் தூக்கின மாதிரி” என்றார். முதுகுப்பக்கம் ஒரே இடத்தில்தான் கயிறு வந்து சேரும். அந்தப் பள்ளியில் சில பிள்ளைகள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐ.எஃப். 41 என்ற புது வகை வந்தது. செத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது நோன்னோவின் குரல் இறங்கிவிடும்.

2011இல் அவர் இறந்துபோனார். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். ஒரு தோல் தொப்பி, விமானியின் கண்ணாடி ஒன்று, கையுறை ஒரு சோடி. பரசூட் மட்டும் கிடைக்கவே இல்லை. துணிக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் பரசூட் பட்டைக் கல்யாண உடுப்பாகவும் சட்டையாகவும் வெட்டித் தைத்துவிட்டார்கள். முழுக் குடையாக ஒன்று மிஞ்சுவது அபூர்வம்.

இரண்டு மாதத்துக்கு முன், பழைய பொருட்கள் விற்கிற ஒரு இணையத்தளத்தில் விளம்பரம் பார்த்தேன். ‘சல்வாத்தோர், முழுமையானது, 2,200 யூரோ.’ போனில் பேசினேன். வயதான குரல், மரியாதையான பேச்சு. ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். நோன்னோவைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “என் அப்பாவும் அந்தப் பள்ளியில்தான் பரசூட் மடித்துக் கொடுத்தார். இது உங்களிடம் போனால் எனக்கு நிம்மதி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து முத்திரையின் படம் அனுப்பினார்: ‘தர்குவீனியா 1940’. ஊரும் வருடமும் விளம்பரத்தில் இல்லவே இல்லை. இரண்டையும் நான்தான் வாயால் சொல்லிக் கொடுத்தேன்! அந்த நேரத்தில் அது மண்டையில் ஏறவில்லை.

தளத்தின் கமிஷன் அதிகம், வெளியே அனுப்பினால் 1,850க்குத் தருகிறேன் என்றார். சரி என்றேன். தபாக்கிக் கடைக்கு (சிகரெட் விற்கிற கடை, அங்கே பண அட்டைக்கும் காசு ஏற்றலாம்) போய் அவர் கொடுத்த அட்டை இலக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இரவு வேலை செய்து ஒன்றரை வருடம் மிச்சம் பிடித்த 1,850 யூரோ.

பார்சலைப் பிரித்ததுமே வெள்ளை கண்ணைக் குத்தியது. எண்பது வருடப் பட்டு அப்படி இருக்காது. தோள்பட்டை இரண்டிலும் பட்டி ஏறியிருந்தது, முதுகில் ஒற்றைப் பிணைப்பே இல்லை. நீலவிளக்கை (புற ஊதா விளக்கு) அடித்தேன், தையல் நூல் முழுக்கப் பளீரென்று ஒளிர்ந்தது. பெரும்பாலும் போருக்குப் பிந்தைய நூல்தான் இப்படி ஒளிரும். ஓரத்தில் ஒரு இழையை இழுத்து நெருப்பில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகுகிற மணம் வரும், நசுக்கினால் சாம்பலாக உதிரும். இது உருகி, ஊசிமுனை அளவு கெட்டி மணியாகிவிட்டது. நைலோன். நைலோன் பரசூட்டில் ஆள் முதன்முதலாகக் குதித்ததே 1942இல், அதுவும் அமெரிக்காவில்.

கடைசியாக அந்த முத்திரை. ‘1940 – XX’. பக்கத்தில் ரோம எண்ணில் இருப்பது முசோலினி ஆட்சியின் வருடக்கணக்கு, அது 1922 அக்டோபர் கடைசியில் தொடங்குகிறது. அப்படியென்றால் 1940க்கு XVIII (18) வர வேண்டும், வருடக் கடைசி என்றால் XIX (19). XX (20) வரவே வராது. படத்தை ஐம்பது தடவை பார்த்திருப்பேன். பார்த்துப் பார்த்து அழுதேனே தவிர எண்ணிப் பார்க்கவில்லை.

போன் எடுத்தேன். முதல் நாள், அம்மா ஆஸ்பத்திரியில், நாளைக்குப் பேசலாம் என்றார். அம்மாவாம்! அப்பா 1940இல் வேலை செய்தவர் என்றால் அந்த அம்மாவுக்கு இப்போது என்ன வயது? அடுத்த நாள், “விஸ்தோ எ பியச்சூத்தோ, பார்த்துப் பிடித்துத்தானே வாங்கினீர்கள்” என்றார். மூன்றாம் நாள் என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். தளத்துக்கு எழுதினால் ஒரே பதில்தான் மூன்று தடவை வந்தது: பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, எனவே எங்களால் உதவ முடியாது. பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1,850 யூரோவுக்கு இப்போது என் கையில் இருப்பது முத்திரை குத்திய ஒரு தாள்.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. தளத்துக்கு வெளியே ஒரு சதமும் அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம் தேடுகிறீர்கள் என்று விற்பவரிடம் வாய் திறக்காதீர்கள், அவர் சொல்லட்டும். ரோம எண்ணைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இழை ஒன்றைக் கொளுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இன்று காலை அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு விமானியின் உடுப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது. கீழே விரித்திருப்பது அதே பச்சைத் தரைவிரிப்பு, இடது மூலையில் அதே சிகரெட் சுட்ட ஓட்டை. யாராவது அதற்கு விலை பேசிக்கொண்டிருந்தால், இன்றைக்குக் கடைக்குப் போய் அட்டையில் பணம் ஏற்றாதீர்கள். முதலில் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், என்னிடம் உள்ள படங்களை எல்லாம் அனுப்புகிறேன்.