மலைச்சரிவா, மூடிய தேயிலைத் தொழிற்சாலையா? பெரிய ஹார்ட்வெயார் கடைக்கு எந்த இடம்

இலங்கை மலையகத்தில் ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் சீமெந்து, டைல்ஸ், கூரைத் தகடு, குளியலறைச் சாமான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்கும் பெரிய ஹார்ட்வெயார் கடைக்கு விண்ணப்பம் வந்தால், காட்டப்படும் காணி பெரும்பாலும் இரண்டில் ஒரு வகையாகத்தான் இருக்கும். ஒன்று பிரதான வீதியோரத் தேயிலைச் சரிவு. மற்றது இயந்திரங்கள் கழற்றப்பட்டுச் சும்மா கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை வளவு. இரண்டையும் பார்த்து, பழைய தொழிற்சாலைக்கே நாங்கள் ஆதரவு எழுதிக் கொடுத்தோம்.

கண்ணில் படுவதிலும் வாகனம் ஏறி இறங்குவதிலும் வீதியோரம்தான் மேல். வேலைவாய்ப்பும், டவுன் கடைகளுக்கு வரும் போட்டியும் இரண்டுக்கும் பொது. மலையை வெட்டிய பிறகு அந்த வெட்டை ஆண்டாண்டாக யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

சரிவின் போக்கில் 30 மீட்டர் அகலம், குறுக்கே 60 மீட்டர் நீளத்தில் தளம் வேண்டும் என்று வைப்போம். 20 பாகைச் சரிவில் அதை முழுக்க வெட்டி எடுத்தால் பின்பக்க வெட்டு ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் வரும். வெளியேறும் மண் கிட்டத்தட்ட 9,800 கன மீட்டர். தோண்டிய மண் உப்புவதையும் சேர்த்தால் 3 கியூப் (ஏறத்தாழ 8.5 கன மீட்டர்) டிப்பரில் சுமார் 1,400 லோட். இந்த மண் எங்கே போகும் என்று வரைபடத்தில் காட்டாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதே சரி. இல்லாவிட்டால் அது பள்ளத்து ஓடையில் கொட்டப்பட்டு, காசல்ரீ, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கத்தில் போய்ப் படியும். பாதி வெட்டி, அந்த மண்ணாலேயே மறுபாதியை நிரப்பினால் வெளியேற்ற வேண்டிய மண் குறையும். ஆனால் சரியாக இறுக்காவிட்டால் நிரப்பிய பாதி இறங்கும், தரை வெடிக்கும், டைல்ஸ் அடுக்கிய ராக்கை சாயும்.

மழைநீரையும் கணக்குப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. 100இல் அடுத்த நிலை. 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டிய நிலை. அப்படி மணிக்கு 75 பெய்யும்போது 1,800 சதுர மீட்டர்க் கூரையிலிருந்து மட்டும் வினாடிக்கு 37 லீற்றர் இறங்கும். தேயிலை மண்ணுக்குள் பரவிப் போன நீர் இப்போது ஒரே கானில், அதாவது வடிகாலில், வந்து விழுகிறது. கானின் கடைசி எங்கே? பல இடங்களில் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட மலையகத்தில் இந்தக் கேள்விக்கு வாய்மொழிப் பதில் போதாது.

தாங்கு சுவர் கட்டினால் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. சுவருக்குப் பின்னால் சரளைக்கல் வடிகட்டி வேண்டும், சுவரில் நீர் வடிதுளைகள் வேண்டும், வெட்டுக்கு மேலே நீரை மறித்துத் திருப்பும் கான் வேண்டும். துளைகளை மண் அடைக்கும், மேற்கானை மானாப் புல் மூடும். நீர் பின்னால் தேங்கினால் சுவர் வயிறு தள்ளும், பிறகு சரியும். ஹற்றன் பக்கம் தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரலிலும், ஊவாப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முன் செப்டெம்பரிலும் கான்களைத் துப்புரவாக்க வேண்டும். கட்டி முடித்து, அனுமதித்தபடி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் கிடைத்த பின் இதையெல்லாம் பார்க்க எவரும் தேடி வருவதில்லை. சரிவு இடத்துக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வருடாந்தப் பொறியியலாளர் அறிக்கையும் கான் பராமரிப்பும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும். மேலே நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், புதிதாக வரும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பழைய தொழிற்சாலை வளவில் தளம் ஏற்கெனவே வெட்டி, பல தசாப்த மழையில் இறுகிய தளம். கீழ்த்தட்டு உருட்டு இயந்திரங்களையும் உலர்த்திகளையும் தாங்கியது. அதற்காக மேல்தட்டுகளை நம்பக் கூடாது; அவை கொழுந்தை மெல்லப் பரப்பி வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. 60க்கு 60 டைல்ஸ் பெட்டி ஒன்று 30 கிலோ, 40 பெட்டி ஏற்றிய பலகைத்தட்டு 1.2 தொன். டைல்ஸ், சீமெந்து, கம்பி எல்லாம் கீழே. மேலே மின்விளக்கு, பிளாஸ்டிக் குழாய் போன்ற பாரமில்லாதவை, அதுவும் பொறியியலாளர் பார்த்த பிறகு. கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் உடைத்து எறியாமல், நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும்.

இந்த இடத்துக்கும் குறைகள் உண்டு. தோட்டக் காணி பெரும்பாலும் அரசினுடையது, கம்பனிக்குக் குத்தகையில் இருப்பது. அதைத் தெளிவாக்கக் காலம் எடுக்கும். தோட்டப் பாதையில் 40 அடி கன்டேனர் திரும்பாது. டவுனுக்கு வெளியே இறக்கிச் சிறிய லொறியில் ஏற்றும் செலவை முதலாளி ஏற்க வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் அந்த லொறிகளை நிறுத்திவைப்பதையும் நிபந்தனையாகக் கேட்கலாம். வாகன நெரிசல் எவ்வளவு கூடும் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் சந்தியில் நின்று எண்ணிய கணக்கை விண்ணப்பத்தோடு கேளுங்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு போதாது.

இன்னொன்று: பல தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் நீர்ச்சக்தியில் ஓடியதால் ஓடைக்கு அருகிலேயே இருக்கின்றன. பெருமழையில் நீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு, சுவரில் குறி போட்டு, சீமெந்து மூட்டைகளை அந்தக் குறிக்கு மேலே அடுக்கும்படி திட்டத்தை மாற்றச் சொல்லலாம்.