வி.எல்.சி. பிளேயர்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

எங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கில் எல்லா ரகமும் கிடக்கிறது. கல்யாண வி.சி.டி.யிலிருந்து எடுத்த டி.ஏ.டி. ஃபைல்கள், பழைய கேமராவின் ஏ.வி.ஐ., போனில் எடுத்தவை, அப்பா கேட்கும் கச்சேரிகள். இவை அத்தனையையும் திறக்கிற பிளேயராக எனக்கு அமைந்தது வி.எல்.சி. லேப்டாப் மாறினாலும் முதலில் இதைத்தான் போடுகிறேன்.

முன்பெல்லாம் படம் ஓடும், சத்தம் வராது. படத்தையும் சத்தத்தையும் பிரித்துப் படிக்க உதவும் கோடெக்குகளின் தொகுப்பைத் தேடி இறக்கினால் வேண்டாத டூல்பாரும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். வி.எல்.சி.யில் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான கோடெக்குகள் உள்ளேயே இருக்கின்றன. 1996இல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் தங்கள் வளாக நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பிப் பார்க்கத் தொடங்கிய திட்டம் இது. 2001இல், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கிற ஜி.பி.எல். உரிமத்தில் மூல நிரலை வெளியிட்டார்கள். இன்றும் லாப நோக்கற்ற வீடியோலான் அமைப்புதான் நடத்துகிறது. விளம்பரம் கிடையாது. இத்தனை காலம் அப்படியே காப்பாற்றி வருகிறார்களே என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் நான் இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் கீபோர்டு. சப்டைட்டில் பேச்சுக்குப் பின்தங்கி வந்தால் 'ஜி', முந்திக்கொண்டால் 'எச்'. ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லி செகண்ட் நகரும். உதடும் குரலும் ஒட்டவில்லை என்றால் 'ஜே', 'கே' இரண்டும் அதே வேலையை ஆடியோவுக்குச் செய்யும். படத்தை நிறுத்தவே வேண்டாம், பார்த்துக்கொண்டே சரிசெய்துவிடலாம்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகும் சப்டைட்டில் வேறு கதை. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்காகச் செய்ததை 23.976 ஃபிரேம் பிரதியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் விலகிவிடும். இதை எத்தனை தட்டுத் தட்டினாலும் சரிக்கட்ட முடியாது. டூல்ஸ் மெனுவில் டிராக் சிங்க்ரனைசேஷன் போய், சப்டைட்டில் வேகத்தையே மாற்ற வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பிரிஃபரன்சஸில் சப்டைட்டில் பகுதிக்குப் போய் எழுத்துருவை நிர்மலா யு.ஐ. என்றும் என்கோடிங்கை யு.டி.எஃப்.-8 என்றும் வைத்துப் பாருங்கள்.

ராத்திரியில் படம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. வசனம் காதில் விழாது, சண்டைக் காட்சி வந்தால் வீடே எழுந்துவிடும். கன்ட்ரோல் + ஈ அழுத்தி கம்ப்ரசரை இயக்கினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். வீட்டில் குழந்தை தூங்கும்போது இதைவிட உபயோகமான வசதி வேறில்லை.

குறை இல்லாமலா? 'ஈ' தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே போகலாம், வி.எல்.சி.யின் 3.0 பதிப்பு வரிசையில் அப்படிப் பின்னே வர வழியில்லை. கிரிக்கெட் ரீப்ளேயில் பந்து மட்டையில் பட்டதா என்று பார்ப்பவருக்கு இது பெரிய இழப்பு. அதற்கு எம்.பி.வி. என்ற இன்னொரு இலவச பிளேயர் வைத்திருக்கிறேன், கமா பட்டனைத் தட்டினால் ஃபிரேம் பின்னோக்கி வரும். மேலே மெனு பட்டை இல்லாத பிளேயர் அது, பெரும்பாலும் கீபோர்டும், அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலும்தான். அம்மாவின் கம்ப்யூட்டரில் அதைப் போட மாட்டேன்.

இறக்கும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2022இல் வீடியோலான் தளம் இந்தியாவில் பல மாதம் முடக்கப்பட்டிருந்தது. இணைய உரிமைகளுக்காக இயங்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் சட்ட உதவியோடு வீடியோலான் அமைப்பினர் போராடிய பிறகு, நவம்பரில் தடை நீங்கியது. இப்போது வீடியோலான் டாட் ஆர்க் நேராகவே திறக்கிறது. தேடலில் அதற்கு மேலே விளம்பரமாக வந்து நிற்கும் டவுன்லோட் பக்கங்களைத் தொடாதீர்கள். வி.எல்.சி. இலவசம், யாராவது காசு கேட்டால் அது வேறு இடம்.